சபையை விட்டாச்சு, அடுத்து மரத்தடி: பேகன் வழியில் எப்படித் தொடங்குவது?

சாம்பல்குருவி கேட்டது:

வணக்கம். ஊர் லீட்ஸ், இங்கிலாந்து. கண்டிப்பான பெந்தெகொஸ்தே சபையிலிருந்து விலகியாச்சு. திரும்பும் எண்ணமில்லை, வேறு சபை பரிந்துரையும் வேண்டாம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை ஒட்டி, இயற்கையை மையமாக வைத்த பேகன் வழிகளைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து இருக்கும் வாடகை வீடு, தோட்டம் கிடையாது. மெழுகுவத்தி, ஊதுவத்தி எதையும் அறையில் கொளுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தைக் கொண்டாடும் பிப்ரவரி 1 இம்போல்க் திருநாளுக்கு இன்னும் பத்து நாள்.

விக்கா, ட்ரூயிட், ஹீதன் என்ற பேகன் வழிகளில் எது? முதல் சில மாதம் உருப்படியாகச் செய்ய என்ன இருக்கிறது? குழுவில் சேரும் முன் எதைக் கவனிக்கணும்? ஏதாவது செய்ய உட்கார்ந்தாலே "இது விக்கிரக ஆராதனை", "இரகசிய வருகையில் (இயேசு விசுவாசிகளை எடுத்துக்கொள்ள வரும்போது) கைவிடப்படுவாய்" என்று உள்ளே ஒலிப்பதை என்ன செய்வது? புத்தகப் பட்டியல் ஏற்கெனவே கைவசம் நிறைய இருக்கிறது, அது வேண்டாம்.

இலுப்பை:

"எது" என்ற கேள்வியை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. கண்டிப்பான மதத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் தேடுவது "இன்னும் பழைய, இன்னும் அசலான சத்தியம்". அந்த ஆசைக்குத் தீனி போடவே இணையத்தில் பாதிப் பக்கங்கள் இருக்கின்றன. கற்காலத்திலிருந்து அறுபடாமல் வந்த மதம் என்பார்கள். அந்தக் கருத்தைப் பரப்பியது மார்கரெட் மர்ரே 1921ல் எழுதிய புத்தகம், வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். "தொண்ணூறு லட்சம் சூனியக்காரிகளை எரித்தார்கள்" என்பதும் அப்படித்தான். ஐரோப்பா முழுக்கச் சூனிய வழக்குகளில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பதே இன்றைய மதிப்பீடு. அதுவே போதுமான கொடுமை, அதை ஊதிப் பெருக்கத் தேவையில்லை. இந்த மாதிரிக் கதைகள் மேல் நம்பிக்கையைக் கட்டினால், ஒருநாள் உண்மை தெரியும்போது பழைய சபை இடிந்த மாதிரியே இதுவும் இடியும்.

உள்ளது இதுதான். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951ல் நீக்கப்பட்டது. ஜெரால்ட் கார்ட்னர் 1954ல் எழுதிய புத்தகத்தோடு விக்கா பொதுவெளிக்கு வந்தது. இன்று பரவலாகத் தெரிந்த ட்ரூயிட் அமைப்பை ராஸ் நிக்கல்ஸ் தொடங்கியது 1964ல். எட்டுத் திருநாள் கொண்ட ஆண்டுச் சக்கரத்தில் சவன் (அக்டோபர் 31), பெல்டேன் (மே 1) போன்றவை தனித்தனியாகப் பழையவை. எட்டும் ஒரே சக்கரமாகச் சேர்ந்தது 1950களில். செப்டம்பர் நாளுக்கு 'மபான்' என்று பேர் வைத்ததே 1970களில். புதுசு என்பதால் பொய் ஆகிவிடாது, புதுசு என்று தெரிந்தே செய்யலாம்.

விக்காவில் தீட்சை, சடங்கு வட்டம், தேவி–தேவன் இணை முக்கியம். ட்ரூயிட் வழி மரம், கவிதை, நிலம் பக்கம் சாயும். அஞ்சல் வழிப் பாடமும் உண்டு, நீங்கள் எந்தக் கடவுளை நம்புகிறீர்கள் என்று அதிகம் குடைய மாட்டார்கள். ஹீதன் வழி வடஐரோப்பியத் தெய்வங்கள், முன்னோர், வாக்குறுதி பற்றியது. ஐஸ்லாந்தில் 1972ல் தொடங்கி 1973ல் அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்பு இதற்கு நல்ல முகம். ஆனால் இதே வழியில் "ரத்தத்தில் வடவன்தான் வரலாம்" என்னும் இனவாதக் கும்பல்களும் உண்டு. 'கறுப்புச் சூரியன்' சின்னம் கண்ணில் பட்டால் பேச்சை வளர்க்காமல் கிளம்புங்க. அது நாஜிகளின் எஸ்.எஸ். கோட்டையான வேவெல்ஸ்பர்க்கின் தரையில் இருந்த வடிவம்.

வேலிமுள்:

கையால் செய்ய: ஒரே இடத்தில் உட்காருவது. கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் இதுதான் அடித்தளம்.

வீட்டிலிருந்து நடந்து பத்து நிமிஷத்துக்குள் இருக்கும் ஒரு மரம் அல்லது ஓடைக்கரை. தூரத்து அழகான காட்டைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் வாரம் நின்றுவிடும். வாரம் மூன்று தடவை, இருபது நிமிஷம், போன் அணைத்து. ஜனவரியில் இது தோற்பதற்குக் காரணம் பக்திக் குறைவு இல்லை, பின்பக்கம் குளிர்வதுதான்! முகாம் பாயில் முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடுத்துப் போங்க. போன உடன் ராபின் குருவி 'டிக் டிக்' என்று எச்சரிக்கும். அது அடங்கி, பறவைகள் தங்கள் வேலைக்குத் திரும்ப நேரமாகும். பத்து நிமிஷத்தில் எழுந்து வருகிறவர் பார்ப்பது தன்னைக் கண்டு பயந்த தோப்பை மட்டுமே.

நோட்டில் நாலே வரி: தேதி, சூரியன் எழுந்த நேரம், நிலாவின் நிலை, புதிதாகக் கண்ட ஒன்று. லீட்ஸில் பிப்ரவரித் தொடக்கத்தில் பகல் தினம் மூன்று நான்கு நிமிஷம் நீளும். இம்போல்க் எதைக் கொண்டாடுகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். வசந்தத்தில் முள்புதரில் வெள்ளைப் பூ பார்த்தால்: பிளாக்தார்ன் இலைக்கு முன் பூக்கும், ஹாதார்ன் இலை வந்தபின் பூக்கும். மே 1 பெல்டேனுக்கு ஹாதார்ன் பூ வேண்டும் என்பார்கள், பல இடத்தில் அன்று மொட்டுதான் இருக்கும். 1752ல் பிரிட்டனில் நாட்காட்டி மாறியபோது 11 நாள் போனது. பழைய மே 1 அப்போது வந்த புதுக் கணக்கில் மே 12, பூ விரிவது அதை ஒட்டித்தான்.

அறைக்குள் ஒரு தட்டு போதும். நிலம், காற்று, நெருப்பு, நீருக்கு அடையாளமாக வடக்கே கல், கிழக்கே இறகு, தெற்கே பேட்டரி விளக்கு, மேற்கே தண்ணீர்க் கிண்ணம். நெருப்பைத் தெற்கில் வைப்பது வடகோளத்துக்காரர் வழக்கம், வெயில் அங்கிருந்துதானே வருகிறது. ஆஸ்திரேலியாவில் பலர் வடக்கே மாற்றிவிடுவார்கள். தண்ணீரைத் தினம் மாற்றுங்க, இல்லாவிட்டால் மூன்றே நாளில் வழவழப்புப் படியும். பச்சை இலையை வைத்து மறந்தால் பூஞ்சை.

படையல் விஷயத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் கெடுதல் செய்கிறார்கள். ஓடையில் பால் ஊற்றாதீங்க, அது அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மண்ணில் உப்பு வட்டம் போட்டால் புல் கருகும். திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். மரத்தில் காசு அறைவது, நைலான் துணி கட்டுவது இரண்டும் வேண்டாம். இங்கிலாந்தின் வெஸ்ட் கென்னட் என்ற கற்காலக் கல்லறை மேட்டில் சின்ன மெழுகுவத்திகள் விட்ட மெழுகும் கரியும் கல்லில் ஏறிப் பெரிய தொல்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர் வேரில் ஊற்றினாலே நிறைவான படையல்.

வடகடல்:

இம்போல்க்குக்கு ஒரு கைவேலை சொல்லுறன், பிரிஜிட் சிலுவை. பேரைக் கண்டு பின்வாங்க வேண்டாம், பார்வைக்கு எங்கட ஓலைக் காற்றாடியின்ர தங்கச்சி மாதிரி இருக்கும். பிப்ரவரி 1 அயர்லாந்தில் புனித பிரிஜிட் நாள், 2023 முதல் அதற்குப் பொது விடுமுறையும் உண்டு. பிரிஜிட் என்ற தேவி பற்றி ஏறத்தாழ 900ஆம் ஆண்டு ஐரிஷ் சொல்லகராதிக் குறிப்பு ஒன்று இருக்கு. புனிதரும் தேவியும் எங்க பிரியினம் எண்டு யாரும் கோடு கிழிக்க ஏலாது.

கோரை மாதிரி நீளமாக, உருண்டையாக வளரும் ரஷ் புல் இருபது தண்டு, ஒவ்வொன்றும் முப்பது சென்டிமீட்டர். ஒன்றை நெட்டாகப் பிடியுங்கோ. இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் தண்டின்ர நடுவைச் சுற்றி, இரண்டு நுனியும் வலப்பக்கம் நீட்ட விடுங்கோ. முழுவதையும் கால் வட்டம் இடப்பக்கம் திருப்பினால் அந்த நுனிகள் மேலே பார்க்கும். மூன்றாவதை மடித்து அந்த மேல் நோக்கிய நுனிகளைச் சுற்றி வலப்பக்கம் விடுங்கோ. திருப்பு, மடி, திருப்பு, மடி. நாலு கையும் சமமாக வந்ததும் நுனிகளை நூலால் கட்டி வெட்டி விடலாம்.

பிழைக்கிறது இரண்டு இடத்தில. நடுவை இடது பெருவிரலால் அழுத்திப் பிடிக்காட்டி ஆறாவது தண்டிலேயே சதுரம் குலையும். காய்ந்த தண்டை மடித்தால் முறியும், வெட்டின அன்றே செய்யுங்கோ. வைக்கோல் எண்டால் முதல் நாள் இரவே தண்ணீரில ஊற வேணும்.

பனங்கருக்கு:

வெள்ளைக்காரன் மரத்தை எதுக்குக் கும்பிடணும்? நம்ம ஐயனாரும் கோவில்காடும் இல்லையா?

இலுப்பை:

@பனங்கருக்கு, கேட்க வேண்டிய கேள்விதான். 'பேகன்' என்ற லத்தீன் வேர்ச்சொல்லுக்கே நாட்டுப்புறத்தான் என்று பொருள். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன் என்று நிலத்தோடு தெய்வத்தை வைத்தது தொல்காப்பியம். ஆனால் குலதெய்வம் குடும்பம், ஊர், சாதி என்ற கட்டுக்குள் நிற்பது. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி லீட்ஸ் ஓடைக்கரையில் அதை நட்டுவிட முடியாது. அவர் தினமும் மிதிக்கும் மண் அந்த ஊர் மண். குடும்பத்தில் பழைய குலதெய்வ நினைவு இருந்தால் விசாரித்து வைக்கட்டும், அது தனி வேலை.

நொச்சி:

பயத்துக்கும் குழுவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இரண்டும் ஒரே வேர்.

முதல் மூன்று மாதம் தெய்வப் பெயர், மந்திரம், வேண்டுதல் எதுவும் வேண்டாம். வேலிமுள் சொன்னபடி சும்மா உட்காருங்க. சொல் வந்தால்தான் பழைய பிரசங்கக் குரலும் கூட வரும். பழைய உபவாச ஜெப நேரத்தில் உட்காராதீங்க, உடம்பு அந்த மணியை ஞாபகம் வைத்திருக்கும். படபடப்பு வந்தால் அது தேவ எச்சரிப்பு இல்லை, பழகிப்போன பயம். கால் தரையில் படுவதை, காதில் விழும் மூன்று சத்தத்தைக் கவனித்துவிட்டு எழுந்து நடங்க. பல வாரம் தூக்கம் கெட்டால் இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் பேச்சுச் சிகிச்சைக்கு டாக்டர் சீட்டு இல்லாமலே நேரடியாகப் பதியலாம்.

குறி பார்க்கும் டாரட் சீட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். வருஷப் பிறப்புக்குச் சபையில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பழகிய கை, தினம் பத்துச் சீட்டு எடுத்து "நான் செய்வது சரியா" என்று கேட்கத் தொடங்கிவிடும். விக்காவில் சொல்லும் 'மூன்று மடங்காகத் திரும்பும்' என்ற விதியும் அப்படித்தான், நரகத்துக்கு மாற்றுப் பெயராகிவிடும். எல்லா விக்காக்காரரும் அதை நேர்ப்பொருளில் எடுப்பதில்லை.

குழு: 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 74,000, விக்கா என்று எழுதியவர்கள் 13,000. சின்ன உலகம், ஒருவர் பேர் கெட்டால் எல்லோருக்கும் தெரியும். எனவே நேராக வீட்டுச் சடங்குக்குப் போகாமல், பப்பில் மாதம் ஒருமுறை நடக்கும் 'மூட்' சந்திப்புக்கு மூன்று தடவை போய் விசாரிங்க. கேட்க வேண்டியது: போன வருஷம் விலகியவர்கள் யார், அவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? விலகியவரைத் துரோகி என்றால் அது சபையை விட்டவரை 'பின்மாற்றக்காரர்' என்னும் பழைய பேச்சுதான், வேறு ஆடையில். கார்ட்னர் வழி விக்காவில் தீட்சைக்குக் காசு வாங்குவது முறையே இல்லை, வாங்கினால் கதவைப் பாருங்க. ஆடையில்லாத சடங்கு சில குழுக்களில் உண்டு. அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டாலோ, "முடியாது" என்றதும் முகம் மாறினாலோ போதும், கிளம்புங்க. தீட்சைக்கு முன் ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருப்பது விக்காவில் பழைய வழக்கம். அவசரப்படுத்துகிறவர் உங்களுக்காக அவசரப்படுத்தவில்லை.

சாம்பல்குருவி:

நன்றி எல்லோருக்கும். பாய் வெட்டியாச்சு. ரஷ் புல் எங்கே கிடைக்கும், சட்டச் சிக்கல் உண்டா?

வடகடல்:

சதுப்பான மேய்ச்சல் நிலம், குளத்து ஓரம். கொத்துக் கொத்தாக, முழங்கால் உயரத்தில நிற்கும். காட்டுச் செடியின்ர இலை, பூ, காயைச் சொந்தப் பாவனைக்குப் பறிப்பது இங்கிலாந்தின்ர 1968 களவுச் சட்டப்படி களவு இல்லை. வேரோடு பிடுங்க நிலத்துக்காரரின்ர அனுமதி வேணும். அதனால கத்தரிக்கோல் கொண்டுபோய் அடிக்கு மேலே வெட்டுங்கோ, ஒரு கொத்தில நாலைந்து தண்டுக்கு மேல் வேண்டாம். இயற்கைக் காப்பிடம் எண்டு பலகை இருந்தால் தொடாதேங்கோ. பூட்ஸ் போட்டுப் போங்கோ, புல் நிற்கிற இடம் கணுக்கால் வரைக்கும் சேறு.