ரைடிங் கிளவுஸுக்கு எந்தத் தோல்: வெள்ளாடா, மாடா, எருமையா?

தேவகோட்டை_350:
காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியா மதுரைக்கு வேலை நிமித்தம் அடிக்கடி போகணும். 350 சிசி வண்டி. சித்திரை வெயில்ல உள்ளங்கை வேர்த்து ஆக்ஸிலரேட்டர் பிடி வழுக்குது. கடையில கேட்டா "ஒரிஜினல் லெதர்"னு மட்டும் சொல்றாங்க, எந்தத் தோல்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. திண்டுக்கல்லுல ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல் வாங்கி, இங்க பை தைக்கிறவர்கிட்ட கொடுத்துத் தைக்கலாமான்னு ஒரு யோசனை. எந்தத் தோல், எவ்வளவு கனம், காத்தோட்டத்துக்கு ஓட்டை போடலாமா?

தோல்பதம்:
தம்பி, கிளவுஸுக்கு வெள்ளாட்டுத் தோல்தான் முதல் தேர்வு. இழைகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் கனம் குறைவாக இருந்தும் எளிதில் கிழியாது, விரல் மடக்குவதும் சுலபம். உள்ளங்கைக்கு 0.8 முதல் 1 மி.மீ., புறங்கைக்கு 0.7 முதல் 0.9, விரல் இடுக்குப் பட்டைகளுக்கு 0.6 அல்லது 0.7 போதும். மாட்டுத்தோல் என்றால் உள்ளங்கைக்கு 1 முதல் 1.2 மி.மீ. வேண்டும். அதற்கு மேல் போனால் பிரேக் லிவரில் விரலின் உணர்வு போய்விடும். எருமைத்தோல் உழைக்கும், ஆனால் நெகிழ்ந்துகொண்டே போகும். புதிதில் இறுக்கமாக இருந்தது சில மாதத்தில் தொளதொளவென்று ஆகும்.

"ஆட்டுத்தோல்" என்று சொன்னால் வெள்ளாடா செம்மறியா என்று கட்டாயம் கேளுங்கள். செம்மறி தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், அதில்தான் பலர் மயங்குகிறார்கள். அதன் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் பிடிப்பு குறைவு. தார் ரோட்டில் உரசினால் மேல்பாகம் தனியாக உரிந்து வந்துவிடும். வெள்ளாட்டில் முடித்துளைகள் சிறு சிறு கூட்டமாக, வரிவரியாகத் தெரியும். மாட்டில் ஒரே சீராகப் பரவியிருக்கும்.

திண்டுக்கல், திருச்சி செம்பட்டுப் பக்கம் கிடைக்கும் ஆவாரம்பட்டைத் தோல் பெரும்பாலும் பாதி முடித்த சரக்கு. அதை மறுபதனம் செய்து, எண்ணெயும் சாயமும் ஏற்றினால்தான் கிளவுஸுக்கு ஆகும். அப்படியே தைத்தால் வேர்வையில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, அட்டையாக விறைத்துக்கொள்ளும். இரும்பு பட்ட இடம் கறுக்கும். வேர்த்துக் கொட்டும் கைக்குக் குரோமில், அதாவது மரப்பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில், பதனிட்ட தோலே ஏற்றது: ஈரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், நனைந்தபின் மிருதுவாகவே இருக்கும். அது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துச் சரக்கு. "மேல்பரப்பு தேய்க்காதது" என்று சொல்லிக் கேளுங்கள்.

ஓட்டை புறங்கையிலும் விரல் பக்கவாட்டிலும் மட்டும், ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. அளவில். உள்ளங்கையில் ஒரு துளைகூட வேண்டாம், கிழிசல் தொடங்குவதே அங்கிருந்துதான்.

திருமயம்_ரோடு:
ஒரு இடத்துல மட்டும் நான் மாறுபடுறேன் அண்ணே. விழும்போது ஊன்றுற மணிக்கட்டுப் பக்கத்து மேட்டுக்கு வெள்ளாடு ஒத்தை அடுக்கு பத்தாது. மேல இன்னொரு அடுக்கு மாட்டுத்தோல் வைக்கணும், முடிஞ்சா கெட்டி பிளாஸ்டிக் ஸ்லைடர். வெறும் தோல் ரோட்டுல கவ்விப் பிடிக்கும். கை நிக்கும், உடம்பு போகும், மணிக்கட்டுல ஸ்கேபாய்டுங்கிற சின்ன எலும்பு உடையும். ஸ்லைடர் இருந்தா கையும் சேர்ந்து சறுக்கும்.

தோல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் தையல் விட்டா போச்சு. பருத்தி நூல் வேர்வையில இத்துப்போகும், நைலான் இல்ல பாலியெஸ்டர் நூல்தான். சென்டிமீட்டருக்கு 3, 4 தையல். நெருக்கமா அடிச்சா தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரியிலேயே கிழியும். உள்ளங்கையில ரெண்டு வரித் தையல் கேளுங்க. பை தைக்கிறவர் நல்ல கைக்காரரா இருக்கலாம். ஆனா கட்டைவிரல் வெட்டும் விரல் இடுக்குப் பட்டையும் தனி வேலை, அதனால ரெடிமேட் வாங்குறதுதான் என் யோசனை. தைச்சே ஆகணும்னா இழுத்துப் பார்த்து, நெகிழ்ற திசை கையோட அகலத்துக்கு வர்ற மாதிரி வெட்டச் சொல்லுங்க. விரல் நீளத்துக்கு நெகிழ்ந்தா நுனி தொங்கி லிவர்ல மாட்டும். உள்ளங்கைத் துண்டு முதுகுப் பகுதியில இருந்து வரணும். வயித்துப் பகுதி தளதளன்னு இருக்கும், வேண்டாம்.

தேவகோட்டை_350:
அப்ப ரெடிமேடே பார்க்கிறேன். கடையில நின்னு எப்படிச் சோதிக்கிறது அண்ணே? அளவும் எப்படிப் பார்க்கிறது?

தோல்பதம்:
உள்ளே தைத்திருக்கும் சி.ஈ. (ஐரோப்பியச் சான்றுக் குறி) சீட்டில் ஈ.என். 13594 என்ற எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது பைக் ஓட்டுபவர்களின் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தரம். அதன் உராய்வுச் சோதனையில் உள்ளங்கை முதல் நிலைக்கு 4 நொடி, இரண்டாம் நிலைக்கு 8 நொடி தாங்க வேண்டும். கே.பி. என்று இருந்தால் விரல் முட்டிப் பாதுகாப்பும் சோதித்தது.

அடுத்து வெட்டு விளிம்பு. நல்ல தோலில் மேலே நெருங்கிய அடுக்கு, கீழே இழை. மேலே பளபளவென்று ஒரு ஏடு தனியாகத் தெரிந்தால் அது தோலைப் பிளந்தெடுத்த கீழடுக்கில் பிளாஸ்டிக் பூசியது. வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் உங்கள் கையிலும் ஒட்டும்.

கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்து, கடைக்காரரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பிறகு வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் தோல் மடிந்து திரண்டால் சிறிய அளவு எடுங்கள். கடைசியாக, மணிக்கட்டுப் பட்டையைப் போட்டபின் இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் எந்தத் தோலானாலும் வாங்காதீர்கள்.

திருமயம்_ரோடு:
வாங்கினதுக்கு அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவாதீங்க தம்பி, ஐப்பசி மழையில பூஞ்சை பிடிக்கும், பிடியும் வழுக்கும். செம்மண் தூசியை ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல காய வைங்க. வெயில்ல டேங்க் மேல வச்சுட்டுப் போகாதீங்க. உள்ளே மெல்லிய பருத்தி கிளவுஸ் போட்டா வேர்வை தோலுக்கு அதிகம் போகாது, அதை மட்டும் துவைச்சுக்கலாம். ஆனா கடைக்குப் போகும்போதே அதைக் கையில போட்டுத்தான் அளவு பார்க்கணும்.