வேலைக்கு நடுவில் சிஸ்டம் காலை வாரிய அனுபவம் உண்டா?

வார்டு_நர்ஸ்:
ஐசியூ. இன்சுலின் போட்டுவிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். சேவ் கொடுப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் வென்டிலேட்டர் அலாரம். ஓடினேன். அதற்குள் திரை தானாக லாக் அவுட் ஆகி, அடித்ததெல்லாம் போய்விட்டது. அடுத்த ஷிப்ட் அக்காவுக்கு "டோஸ் பாக்கி" என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தால் அவர் சிரிஞ்சோடு கட்டிலருகே நிற்கிறார். "அக்கா, போட்டாச்சு!" நான் கத்தியதில் நோயாளியே விழித்துக்கொண்டார். காகித சார்ட் என்றால் பாதி எழுதியது பாதியாகவாவது கண்ணில் பட்டிருக்கும்.

ஹெல்ப்டெஸ்க்_மணி:
எங்களுக்கும் நடந்தது. ஒரே டிக்கெட்டுக்கு, அதாவது கஸ்டமர் பதிந்த ஒரே புகாருக்கு, இரண்டு பேர் வேறு வேறு பதில் அனுப்பி, கஸ்டமர் கிழித்துத் தொங்கவிட்டார். சிஸ்டர், ஒன்று சொல்கிறேன். எடுத்த வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். நான் காலையில் வந்ததும் ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக்கொள்வேன். நோட்டிபிகேஷன் எல்லாம் ஆஃப். மெயில் மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை. யாராவது கூப்பிட்டால் "பத்து நிமிஷம்" என்று சொல்லப் பழகுங்கள். மூச்சுப் பயிற்சியும் உதவும்.

சிக்னல்_தாத்தா:
மணி, வென்டிலேட்டரிடம் பத்து நிமிஷம் கேட்கச் சொல்கிறீர்களா? நான் ரயில் கன்ட்ரோல் அறையில் இருந்தவன். கூட்ஸ் வண்டி எஞ்சின் பழுதாகி லூப்பில், அதாவது ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளத்தில், நிற்கிறது என்று நான் போனில் பேசியது காதில் விழுந்ததுமே, பக்கத்துப் பகுதி ரயில்களைப் பார்க்கும் போர்டுக்காரர் தன் பாசஞ்சரை முந்தைய ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லண்டன் பாதாள ரயிலின் பேக்கர்லூ லைனில் இதையே ஹீத், லஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து கவனித்து 1992இல் எழுதினார்கள்: கன்ட்ரோலர் டிரைவரிடம் பேசுவதை ஒட்டுக்கேட்டே அருகில் இருப்பவர் பயணிகளுக்கு அறிவிப்பு கொடுப்பாராம். விமானக் கட்டுப்பாட்டிலும் அப்படித்தான். சிக்கலான விமானத்தின் விவரம் எழுதிய காகிதப் பட்டையை ரேக்கில் கொஞ்சம் வெளியே இழுத்து வைப்பார்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். ஆளுக்கொரு திரை, காதில் ஹெட்போன் என்று ஆக்கினால் இதெல்லாம் போச்சு.

கோடு_எழுதுபவன்:
தாத்தா, ஒட்டுக்கேட்பது நாலு பேர் அறைக்குச் சரி. எங்கள் ஹாலில் அறுபது பேர், ஹெட்போன் இல்லாமல் ஒரு வரி ஓடாது. நர்ஸ் அக்கா, இப்படி ஒரு மருத்துவமனைத் திரையை நானும் செய்திருக்கிறேன். ஆட்டோ லாக் அவுட் பாதுகாப்புக்காக வைப்பது, அதை எடுக்க மாட்டார்கள். ஆனால் அடித்ததை வரைவாகச் சேமித்து, "இன்னார் பதிவு பாதியில் நிற்கிறது" என்று அடுத்தவருக்குக் காட்டலாம். பெரிய வேலையே இல்லை. டெஸ்ட் செய்தபோது ஒரே கட்டிலின் பதிவை இரண்டு பேர் திறந்து பார்க்கவே இல்லை, அதுதான் விஷயம்.