பதில்: காம்போவுக்குத் தமிழ் – அடுக்கடி?

நண்பர்களே, சண்டை வீடியோ கேம்களில் எதிரி தெளிவதற்குள் அடுத்தடுத்து இறங்கும் அடிகளைக் காம்போ என்கிறோமே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் நீங்கள் சொன்னவற்றுக்கு இது என் பதில்.

> காம்போ = தொடர்தாக்குதல். இதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உடன்பாடில்லை. தொடர்தாக்குதல் என்றதும் எல்லைப் போர்ச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. பொருளும் பிசகுகிறது. கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு டிம்ப்ஸ் நிறுவனம் செய்த 'டிராகன் பால்: அட்வான்ஸ்டு அட்வெஞ்சர்' (ஜப்பானில் 2004) ஆடியவர்களுக்குப் புரியும். சிறுவன் கோகு புல்மாவைச் சந்திப்பதில் தொடங்கி பெரிய பிக்கோலோவோடு மோதுவது வரை கதை, வழியெல்லாம் அடிதடி. ஒரு குத்து விட்டு, எதிரி சுதாரித்து நின்றபிறகு இன்னொன்று விட்டால் அதுவும் தொடர்ந்த தாக்குதல்தான், ஆனால் அதை எந்தப் பையனும் காம்போ என்று சொல்ல மாட்டான். முதல் குத்தில் எதிரியின் தலை பின்னால் போகும், கண்ணிமைக்கும் நேரம் தடுக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் நிற்பான் பாருங்கள், அது தெளிவதற்குள் அடுத்த அடி இறங்க வேண்டும். அடி மேல் அடி. அதற்கு நம்மிடம் அடுக்கு இருக்கிறதே! ஆக, அடுக்கடி.

ஜப்பானியரே 'ரென்சொகு வாசா', அதாவது தொடர் உத்தி, என்றுதானே சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அவர்கள் வாயிலும் 'கொம்போ' புழங்குகிறது. இந்த உத்தியே யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ உருவாக்கும்போது அடிகள் இப்படி ஒட்டிக்கொள்வதைக் கவனித்தவர்கள், யாருக்குப் பிடிபடப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். ஆடியவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

> குத்துவரிசை நம்மிடமே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அது ஒரு தற்காப்புக் கலையின் பெயர். அதோடு கோகு குத்துவதோடு நிற்கிறவனா? உதைப்பான், நீளும் கோலை எடுத்து விளாசுவான்.

> அடுக்கடியை எல்லாரும் அடிக்கடி என்று படிப்பார்கள்.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நானே நேற்று தட்டும்போது ஒருமுறை அப்படித்தான் அடித்தேன். எப்போதும் அடிகளின் எண்ணிக்கையோடு போட்டால் குழப்பம் குறையும் என்று நினைக்கிறேன்: '7 அடுக்கடி'. யாரும் '7 அடிக்கடி' என்று படிக்க மாட்டார்கள். தவிர, இந்தச் சொல் ஆட்டத்தின் நடுவே திரையில் தெரிய வேண்டும், கேம்பாய் அட்வான்ஸின் திரையோ வெறும் 240க்கு 160 புள்ளி. நம் எழுத்தும் அகலம். தொடர்தாக்குதல் எட்டு எழுத்து, எதிரிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் பட்டையை மறைத்துக்கொண்டு நிற்கும். அடுக்கடி ஐந்தில் முடிகிறது. (காம்போ மூன்றுதான், தெரியும், அதைச் சொல்லி மடக்க வேண்டாம்.)

ஒரே சொல் அடுக்கி வரும் அடுக்குத்தொடரை நன்னூல் நான்கு முறையோடு நிறுத்திவிடும், கோகு நிறுத்த மாட்டான். அந்த அளவுக்கு இலக்கணம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும்.

அப்புறம் வினை வடிவம். 'அடுக்கியடித்தான்' என்று எழுதலாம், அதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. 'அடுக்கடித்தான்' செல்லுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு அகராதிப் பட்டியலில் ஏற்றுகிறேன்.