வசனம் தெரியும், பாரம் இறங்கவில்லை: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள்

அந்தி

மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கப் போகும் குழுவில் நானும் உண்டு. வழக்கம்போல ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், அப்புறம் அடுத்த கட்டில். அன்று ஒரு பெரியவர். பல காலம் சபையில் மூப்பராக இருந்தவர் என்று மகள் சொன்னார். 1 யோவான் 1:9 எடுத்து, "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று தொடங்கினேன். அவர் மன்னிப்பார் என்கிற மீதியை அவரே சொல்லி முடித்தார், ஒரு எழுத்து பிசகவில்லை. முடித்துவிட்டு, மகள் வெளியே போய்விட்டாளா என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். "தம்பி, அவர் என்னை மன்னிச்சிட்டாரா, இல்ல பொறுத்துக்கிட்டு இருக்காரா?"

என்ன செய்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போர்வை ஓரத்தை மடிப்பதும் நீவிவிடுவதுமாக இருந்தார். மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் நம் பாவங்களை விலக்கினார் என்று சங்கீதம் 103-ஐச் சொன்னேன். தலையாட்டினார். வசனம் தெரியும் என்ற தலையாட்டல்தான் அது, கேட்டதற்குப் பதில் வந்தது என்பதல்ல. அடுத்த முறை போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் இருந்தார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்படிப்பட்டவர்களைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

வெண்புறா

என் தங்கை. மாற்கு 3:29 பயம். பரிசுத்த ஆவிக்கு விரோதமாக மனதில் ஏதோ ஒரு வார்த்தை ஓடிவிட்டதாம், இனி தனக்கு மன்னிப்பே இல்லையாம். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். குளியலறையில் விளக்கு எரிந்தது. குழாய் திறந்திருக்கிறது, பிரஷ் கையில் இருக்கிறது, ஆனால் பல் துலக்கவில்லை. உதடு மட்டும் அசைகிறது. "ஆண்டவரே மன்னியும்" என்று சொல்லும்போது நடுவில் வேறு நினைப்பு வந்துவிட்டால் செல்லாதாம், முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்காது என்றுதான் குழாயைத் திறந்திருக்கிறாள்.

பாஸ்டர் பொறுமையாக அந்த அதிகாரத்தை 22-ஆம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டினார். இயேசு பிசாசைத் துரத்தியதைக் கண்ணால் பார்த்தும், அதைப் பிசாசின் தலைவனால் செய்கிறான் என்று சாதித்த வேதபாரகரைப் பார்த்துச் சொன்னது அது. "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறானென்று அவர்கள் சொன்னபடியினாலே" என்று 30-ஆம் வசனத்திலேயே காரணம் இருக்கிறது. மன்னிப்பு வேண்டுமென்று அழுகிற பிள்ளைக்குச் சொன்னதல்ல. கேட்டுக் கொஞ்ச நாள் நன்றாக இருந்தாள், மறுபடி குழாய்ச் சத்தம். அப்புறம் பாஸ்டரேதான் டாக்டரைப் பாருங்கள் என்றார். ஓ.சி.டி. என்றார்கள், வேண்டாத எண்ணமும் அதற்காகத் திரும்பத் திரும்பச் செய்வதும் விடாமல் பிடித்துக்கொள்ளும் மனநோய். பயம் வந்தாலும் அந்த மன்னிப்பு ஜெபத்தைத் திரும்பச் சொல்லாமல் இருந்து பழகுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. "ஜெபம் பண்ணாதேன்னு டாக்டர் சொல்றதா?" என்று அம்மா கொதித்துப் போனார். பாஸ்டர் சொன்ன பதில் எனக்கு மறக்காது: "அம்மா, அவ பண்றது ஜெபம் இல்ல. ஜெபம்னா கேக்கிறவர் ஒருத்தர் இருக்கார்னு நம்பணும்."

பழைய ஏடு

வெண்புறா எழுதியது புதிய வியாதி அல்ல. லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது இதே பாடுதான் பட்டார். முழு வாழ்க்கைக்கும் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்து முடித்திருந்தும், எதையோ விட்டுவிட்டோம் என்று மறுபடி மறுபடி போனார். மிகத் தெளிவாகத் தெரிகிற பாவம் தவிர பழையதை இனி சொல்லாதே என்றார் குரு. இவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்வரை வந்தது. சாப்பிடாமல் கிடந்தார், குரு கட்டளையிட்டு நிறுத்தினார். கடைசியில், பழைய பாவங்களை இனி ஒருபோதும் அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுதலை வந்தது.

லூத்தர் அடுத்த உதாரணம். மடத்தில் மணிக்கணக்கில் அறிக்கை செய்துவிட்டு வெளியே வந்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்து திரும்பப் போவாராம். அவருடைய ஆன்ம ஆலோசகர் ஸ்டாவ்பிட்ஸ்தான் அவரை உன் பாவத்தைப் பார்க்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பியவர். ஒருவர் சேசு சபையைத் தொடங்கினார், மற்றவர் சீர்திருத்தத்தை. எதிரெதிர்ப் பக்கம். இருவரும் ஒரே குழியிலிருந்து எழுந்து வந்தவர்கள் என்பதை இரண்டு பக்கத்தாரும் சொல்வதில்லை.

எனக்கு ஏற்பட்ட அனுபவம் சின்னது. நண்பர் ஒருவர் ஒவ்வொரு உயிர்மீட்சிக் கூட்டத்திலும் முன்னால் போய் முழங்கால் போடுவார். ஒருமுறை அவர் எழுந்தபோது பக்கத்தில் இருந்த சின்னப் பையன் அவரிடம், "அங்கிள், போன தடவை கேட்டது கிடைக்கலையா?" என்றான். நண்பர் அவனுக்குப் பதில் சொல்லவே இல்லை.

ஏழாம் படி

கத்தோலிக்கன். ஒரே பாவத்தை நான் வெவ்வேறு குருக்களிடம் சொல்லியிருக்கிறேன். கடைசியாகப் போனது வயதான ஒரு சாமியாரிடம். நான் பாதி சொல்லும்போதே கையை உயர்த்தி நிறுத்தினார். "இது புதுசா, பழசா?" பழசுதான் என்றேன். "பாவமன்னிப்பு வாங்கினீங்களா?" வாங்கினேன். "அப்ப இதைக் கேக்க எனக்கு வேலை இல்ல. வேற சொல்லுங்க."

அவர் கொடுத்த தவமுயற்சி: திருப்பாடல் 32-ஐ ஒருமுறை வாசிப்பது, இந்தப் பாவத்தை இனி எந்தக் குருவிடமும் கொண்டுபோகாமல் இருப்பது. வாசிப்பது எளிதாக முடிந்தது. இரண்டாவது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் வாய்வரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன்.

ஜீவத்தண்ணீர்

ஏழாம் படி சகோதரர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரச்சினையே அங்கேதான். 1 தீமோத்தேயு 2:5 என்ன சொல்கிறது? தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே. மனுஷனிடம் போய்ச் சொன்னால் மனுஷ நிச்சயம்தான் கிடைக்கும், அது அடுத்த தவக்காலம்வரை கூடத் தாங்காது. நேராக ஆண்டவரிடம் போங்கள். எபிரெயர் 10-இல் "அவர்களுடைய பாவங்களையும் அவர்களுடைய அக்கிரமங்களையும் நான் இனி நினைப்பதில்லை" என்று இருக்கிறது. அவர் நினைக்காததை நாம் நினைப்பது அவிசுவாசம். காலையில் எழுந்ததும், கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்கிற ரோமர் 8:1-ஐ வாய்விட்டுச் சொல்லுங்கள். குற்றப்படுத்துகிறவன் சாத்தான், வெளிப்படுத்தல் 12:10. அவனை எதிர்த்து நில்லுங்கள். உபவாசம் இருங்கள். கடந்த காலத்தை நினைவுபடுத்தும் பொருட்கள் வீட்டில் இருந்தால் அகற்றிவிடுங்கள். நான் ஒரு சகோதரிக்கு இப்படித்தான் ஆலோசனை சொன்னேன், அவர்கள் இன்று சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஏழாம் படி

அந்தப் பெரியவர் 1 யோவான் 1:9-ஐ மனப்பாடமாகச் சொன்னாரே, அவர் நேராக ஆண்டவரிடம் போகாதவரா? வெண்புறாவின் தங்கை குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு யாரிடம் பேசினாள்? நேராகப் போனவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். தன் காதில் தன் குரலே திரும்பத் திரும்பக் கேட்கும்போது, வெளியிலிருந்து இன்னொரு குரல் "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று சொல்வது சின்ன விஷயமல்ல. யாக்கோபு 5:16, "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்பது உங்கள் வேதத்திலும் இருக்கிறது.

மூன்றாம் வரிசை

நீங்கள் எல்லாரும் பாவம் செய்தவர் பக்கமிருந்து எழுதுகிறீர்கள். நான் மறுபக்கம்.

என் அண்ணன் அப்பாவின் கையெழுத்தைப் போட்டு வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அம்மா கடைசிக் காலத்தில் வாடகை வீட்டில் என்னோடு இருந்தார். அதற்குப் பிறகு அண்ணன் இரட்சிக்கப்பட்டார். உண்மையாகவே மாறினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை, குடியை விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல என்னையும் அழைத்தார். மேடையில் நின்று 51-ஆம் சங்கீதத்தைச் சொன்னார். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று வந்தபோது அந்த "ஒருவருக்கே" என்பதை அழுத்திச் சொன்னார், கண்ணெல்லாம் தண்ணீர். சபை "அல்லேலூயா" என்றது. நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையிலிருந்து என் முகம் நன்றாகத் தெரியும்.

அந்தச் சங்கீதத்தைப் பாடின தாவீது, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைக் கொன்றவன். உரியா கேட்க முடியாமல் மண்ணுக்குள் இருந்தான். நான் உயிரோடு இருக்கிறேனே!

கூட்டம் முடிந்ததும் வந்து கட்டிக்கொண்டார். "ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிட்டார்மா, நீயும் சந்தோஷப்படு" என்றார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதானே, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னார்.

ஜீவத்தண்ணீர்

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் கசப்பின் வேரை வளர விடாதீர்கள், எபிரெயர் 12:15. ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னார். மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தோழனுடைய தொண்டையைப் பிடித்தான், அவனுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். வீடு இந்த உலகத்துக்குரியது. சகேயு திருப்பிக் கொடுத்ததால் இரட்சிக்கப்படவில்லை, இரட்சிக்கப்பட்டதால் திருப்பிக் கொடுத்தான். முதலில் மனதார மன்னித்துவிட்டேன் என்று அண்ணனிடம் போனில் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லித் தினமும் ஆசீர்வதித்து ஜெபியுங்கள். உங்கள் உடல்நலத்திலும் மாற்றம் தெரியும்.

மூன்றாம் வரிசை

நான் மன்னிக்கவில்லை என்று எங்கே எழுதினேன்? அம்மாவை அடக்கம் செய்த அன்றே மன்னித்தேன். எனக்கு வீடும் வேண்டாம். "உனக்குச் செய்தேன்" என்று அவர் ஒருதரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சகேயுவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, இரட்சிக்கப்பட்டதால்தான் திருப்பிக் கொடுத்தான். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

அந்தி

மூன்றாம் வரிசை எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தப் பெரியவரை வேறு மாதிரி நினைக்கிறேன். அவர் கடவுளிடம் போகாதவரல்ல. ஒருவேளை போக வேண்டிய இன்னொரு வாசல் இருந்து, அங்கே ஆள் இல்லாமல் போயிருக்கலாம். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5 சொல்கிறது. சகோதரனே இல்லாவிட்டால்?

சாலையோரம்

என் கணவர் ஓட்டிய வண்டியில் அடிபட்டு ஒருவர் இறந்துபோனார். இருட்டில் திடீரென்று குறுக்கே வந்தார், கோர்ட்டும் இவர் மேல் தவறில்லை என்றது. இவர் ஏற்கவில்லை. ஒரு நொடி முன்னால் பார்த்திருக்கலாம் என்கிறார். அன்றிலிருந்து சபையில் திருவிருந்தின் அப்பமும் பாத்திரமும் எடுப்பதில்லை. தட்டு எங்கள் வரிசைக்கு வரும். இடது கையில் வாங்கி, என் பக்கம் நீட்டுவார், குனிந்தே இருப்பார். நான் எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்போது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

"அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்" என்ற வசனத்தைச் சொல்கிறார், தகுதியில்லாமல் எடுத்தால் தண்டனை என்பது. பேதுருவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். கரிநெருப்பின் பக்கத்தில் நின்றுதான் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான், உயிர்த்தெழுந்தவர் கரையில் கரிநெருப்பு போட்டுத்தான் அவனைச் சாப்பிட அழைத்தார் என்றேன். "பேதுருவால யாரும் சாகலையே" என்றார்.

பழைய ஏடு

சகோதரி, நீங்கள் ஆலோசனை கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. அதே 1 கொரிந்தியர் 11-இல் ஒரு வசனம் முன்னால்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்துவிட்டு விலகிப் போகச் சொல்லவில்லை, புசிக்கச் சொல்கிறது. பவுல் அங்கே கண்டித்தது ஏழைகள் பசியாயிருக்கத் தாங்கள் முந்தித் தின்றவர்களை. உங்கள் கணவரைப் போன்றவர்களை அல்ல. இறந்தவருடைய குடும்பத்தை அவர் பார்த்தாரா?

சாலையோரம்

பார்த்தார். அவருடைய அம்மாதான் கதவைத் திறந்தார். இவரால் பேச முடியவில்லை. அந்த அம்மா உள்ளே உட்காரவைத்து, "உன் மேல எனக்குக் கோபம் இல்லப்பா" என்றார். அவர்கள் கிறிஸ்தவர்கள்கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று வரும் வழியெல்லாம் அழுதார்.

ஏழாம் படி

அவரிடம் 1 யோவான் 3:20 காட்டுங்கள். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." அந்த ஒரு நொடியும் ஆண்டவருக்குத் தெரியும். என்னை விழுங்கவைத்துக்கொண்டிருக்கும் வசனம் இதுதான். ஆனால் நீங்கள் வாசித்துக் காட்டினால் மனைவி ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். உங்கள் போதகரை வீட்டுக்கு வரச் சொல்லி, அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

சாலையோரம்

போதகரிடம் இன்று பேசினேன். வியாழக்கிழமை வருகிறார். அப்பமும் பாத்திரமும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். கொண்டுவாருங்கள், ஆனால் அவரைக் கேட்காமல் வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.