[கலைச்சொல்] லிங்க் இருக்கிறது, கனெக்‌ஷன் இல்லை: இரண்டுக்கும் "இணைப்பு" போதுமா?

தொண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கடலோர அலுவலகங்களுக்கான கம்பிவழி வலையமைப்புக் கையேட்டில் பழுது பார்க்கும் அத்தியாயம் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வரைவில் உள்ள வரி இது:

"மடிக்கணினிக்கும் ஸ்விட்சுக்கும் இணைப்பு இருந்தும் மற்றக் கணினிகளோடு இணைப்பு இல்லையென்றால் ஐபி முகவரியைப் பாருங்கள்."

முதல் இணைப்பு லிங்க் (கம்பியின் இரு முனைகளும் ஒன்றையொன்று உணர்வது), இரண்டாவது கனெக்‌ஷன். கனெக்‌ஷன் என்றால் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது. (ஸ்விட்ச் என்பது பல கணினிகளின் கம்பிகள் வந்து சேரும் பெட்டி, ஐபி முகவரி என்பது வலையமைப்பில் கணினிக்கு உள்ள எண்.) படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? இதே அத்தியாயத்தில் மின்னஞ்சல் இணைப்பும் வலைப்பக்க இணைப்பும்கூட வருகின்றன. விண்டோஸ் இரண்டு நிலைக்கும் தனித்தனிச் செய்தி காட்டுகிறது. கம்பியில் உயிர் இல்லாவிட்டால் "நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு". கம்பி சரி, முகவரியில் கோளாறு என்றால் பெரும்பாலும் "அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்". முன்னதற்குக் கம்பி முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி வேண்டும், பின்னதற்கு விசைப்பலகை போதும். சொல் ஒன்றாக இருந்தால் வேலைக்குப் போகிறவர் தப்பான கருவியோடு போவார். லிங்க்குக்குத் தனிச்சொல் தாருங்கள்.

பாம்பனிலிருந்து:

கண்ணி. சங்கிலிக் கண்ணி என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. வலையமைப்பு என்று பெயர் வைத்துவிட்ட பிறகு அதன் ஒரு துண்டு கண்ணியாக இருப்பது இயல்பு. கண்ணி விளக்கு, கண்ணி வேகம் என்று நன்றாகவே சேருகிறது.

தங்கச்சிமடத்திலிருந்து:

சங்கிலிக்குச் சரி அண்ணே. ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகும் ஊர்களில் கண்ணி என்றால் வலைக்கண்ணிதான். அது நூல் அல்ல, நூல்களுக்கு நடுவே உள்ள திறப்பு. மீன் தப்பிப்போகும் வழிக்கு உள்ள பெயரைத் தகவல் போகும் கம்பிக்கு வைத்தால் இங்கே யாருக்கும் மனதில் ஒட்டாது.

கீழக்கரையிலிருந்து:

இலங்கைத் தமிழ் வலைப்பதிவர்கள் "தொடுப்பு" என்று எழுதுவார்கள். ஆனால் அது வலைப்பக்க லிங்க்குக்கு. அதோடு நம் பக்கத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, தொலைபேசியில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. "பிணைப்பு" எழுத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் ஐஸ் ஆலையில் கம்ப்ரசர் ஓடும்போது தொலைபேசியில் பிணைப்பும் இணைப்பும் ஒன்றாகவே கேட்கும். பழுது பார்ப்பதில் பாதி வேலை தொலைபேசியில்தானே நடக்கிறது. காதில் பிரியாத சொல் வேண்டாம்.

மண்டபத்திலிருந்து:

பெயர் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம், சொல் அதிலிருந்தே வரும்.

பிளக்கைச் செருகியதும் மடிக்கணினியின் போர்ட்டும் (பிளக் நுழையும் துளை) ஸ்விட்சின் போர்ட்டும் கம்பி வழியே சிறு துடிப்புகளை அனுப்பி, தங்களால் எந்த வேகத்தில் பேச முடியும் என்று ஒன்றுக்கொன்று தெரிவிக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான மிக உயர்ந்த வேகத்தைத் தேர்ந்துகொண்டு விளக்கை எரியவிடுகின்றன. அந்த நேரத்தில் ஐபி முகவரி என்ற பேச்சே கிடையாது. ஒரு முனை மறுமுனையைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கேபிள் போடும் பையன்களும் "லைன் பிடிக்குது", "விட்டு விட்டுப் பிடிக்குது" என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை பிடிப்பு.

சோதித்துப் பார்க்கலாம். பிடிப்பு விளக்கு, பிடிப்பு வேகம். "பிடிப்பு இருக்கிறது, இணைப்பு இல்லை." காதிலும் குழப்பம் இல்லை.

நம் கடற்கரையில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்றில் ஆர்ஜே-45 பிளக்கின் (கம்பி முனையில் உள்ள எட்டு முனைச் செருகி) தொடுமுனைகள் பச்சை பூக்கின்றன. மேலே உள்ள தங்கப்பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் அரிக்கிறது. பிளேடால் சுரண்டினால் மிச்சப் பூச்சும் போய்விடும். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்வதே நல்லது. ஸ்விட்சின் போர்ட் என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பயன்படாத போர்ட்டுகளை மூடி வையுங்கள். விலை மலிவு என்று செம்பு பூசிய அலுமினியக் கம்பி வாங்கினால் வெட்டிய முனையிலிருந்தே அரிப்பு தொடங்கும். கேட் 5இ அல்லது கேட் 6 தரம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். கட்டடத்துக்கு வெளியே போகும் கம்பிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கம்பியைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் ஐப்பசி மழைத் தண்ணீர் கம்பியோடு உள்ளே வராது.

பிடிப்பு வேகம் என்ற சொல்லைத் தனியாக வலியுறுத்துகிறேன். கம்பிக்குள் 8 இழை, இரண்டிரண்டாக முறுக்கிய 4 இணை. 100 மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல இணையிலோ பழுப்பு இணையிலோ ஓர் இழை அரித்துப்போனால் சில கருவிகள் 100க்கு இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சில கருவிகள் 1000க்கே முயன்று விட்டு விட்டுப் பிடிக்கும். முதல் வகையில் விளக்கும் எரியும், பிங்கும் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) போகும். 1 ஜிபி கோப்பை நகலெடுக்க மட்டும் ஒன்றரை நிமிடம் ஆகும். வட்டு வேகமாக இருந்தால் அது 10 நொடி வேலை. லினக்ஸில் ஈத்டூல் கட்டளையும் விண்டோஸில் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியும் பிடிப்பு வேகத்தைக் காட்டும்.

எட்டு இழையும் தொடர்ச்சி சோதனையில் தேறியும் தகராறு செய்தால் இணை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். 3க்கும் 6க்கும் ஒரே முறுக்கின் இரு இழைகள் போக வேண்டும். நிறங்களை 1-2, 3-4 என்று வரிசையாகச் செருகிவிட்டால் மலிவான சோதனைக் கருவி எட்டு விளக்கையும் எரித்துச் சரி என்று சொல்லிவிடும். சரியான பி வரிசை (டி568பி என்ற நிற ஒழுங்கு), 1 முதல் 8 வரை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்குக்குள் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். முனைக்கு முனை மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.

தொண்டியிலிருந்து:

ஐயா, பிடிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே சிக்கல், 5ஆம் அத்தியாயத்தில் கம்பியில் போகும் தகவல் துண்டுகளைப் பிடித்துப் பார்க்கும் பாக்கெட் கேப்ச்சருக்குப் "பொதிப் பிடிப்பு" என்று எழுதியிருக்கிறோம். இன்னொன்று, ஒரு முனையில் வேகத்தைக் கையால் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிறுத்தி, மறுமுனையைத் தானியங்கியில் விட்டால் வரும் கோளாறுக்கு என்ன பெயர்? பிடிப்பு இருக்கிறது, ஆனால் பிடிப்பில் ஒற்றுமை இல்லை.

தங்கச்சிமடத்திலிருந்து:

கடலில் பிடித்து வந்ததை நாங்கள் "பாடு" என்போம். எனவே பிடிப்பு என்றதும் மீன் நினைவு வந்து குழம்புமோ என்று யாரும் தயங்க வேண்டாம்.

மண்டபத்திலிருந்து:

கேப்ச்சரில் நாம் செய்வது பொதிகளைக் கோப்பில் எழுதி வைப்பது. "பொதிப் பதிவு" என்று மாற்றினால் பொருளும் தெளிவாகும், பிடிப்பும் விடுபடும்.

டூப்ளெக்ஸுக்குப் பாம்பனிலேயே சொல் இருக்கிறது. ரயில் பாலத்தில், 2025இல் திறந்த புதியதிலும், இப்போது ஒற்றைத் தடம். ஒரு வண்டி கடந்த பிறகே எதிர் வண்டி வர முடியும். பக்கத்துச் சாலைப் பாலத்தில் இரு திசையிலும் ஒரே நேரத்தில் போகலாம். ஹாஃப் டூப்ளெக்ஸ் ஒற்றைத்தடம், ஃபுல் டூப்ளெக்ஸ் இரட்டைத்தடம். நீங்கள் சொல்லும் கோளாறு தடப்பிறழ்வு. கையால் நிறுத்திய முனை பேச்சுவார்த்தைக்கு வராததால் மறுமுனை வேகத்தை மட்டும் கண்டறிந்து, பாதுகாப்பாக ஒற்றைத்தடத்துக்குப் போய்விடும். சின்னப் பிங் போகும், பெரிய கோப்பு நகராது. ஒரு முனையில் தாமத மோதல் (லேட் கொலிஷன்) எண்ணிக்கையும் மறுமுனையில் பிழைச்சட்ட (கெட்டுப்போன தகவல் துண்டு) எண்ணிக்கையும் ஏறும். இரு முனையையும் தானியங்கியில் விட்டால் தீர்ந்தது.

கீழக்கரையிலிருந்து:

பிடிப்பு, தடப்பிறழ்வு இரண்டுக்கும் என் ஒப்புதல். "பிடிப்பு ஏற்பட்டது" என்று எழுத வேண்டாம், "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று வினையாகவே இருக்கட்டும். 169.254 என்று தொடங்கும் முகவரிக்கும் ஒரு பெயர் வையுங்கள். முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையிடமிருந்து பதில் வராதபோது கணினி தானாக எடுத்துக்கொள்வது அது. "தானெடு முகவரி" சரியாக இருக்குமா?

தொண்டியிலிருந்து:

சரியாக இருக்கும், சேர்த்துவிட்டேன். திருத்திய பத்தி:

"முதலில் போர்ட்டின் பிடிப்பு விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் பிடிக்கவில்லை. நல்லதென்று தெரிந்த கம்பியை மாற்றிச் செருகுங்கள், பிறகு ஸ்விட்சில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். பிடித்திருந்தும் இணைப்பு இல்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் கொடுங்கள். மற்றக் கணினிகள் 192.168.1 வரிசையில் இருக்க, இங்கே 169.254 என்று தொடங்கினால் அது தானெடு முகவரி. முகவரி வழங்கும் ரவுட்டர் ஓடுகிறதா, அதற்கும் ஸ்விட்சுக்கும் நடுவே பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரே இல்லாத இடமானால் ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.11, 192.168.1.12 என்று வெவ்வேறு முகவரியும் 255.255.255.0 என்ற ஒரே மாஸ்க்கும் கையால் கொடுங்கள். முகவரி சரியாக இருந்தும் பிங்குக்குப் பதில் இல்லை என்றால் ஏஆர்பி -ஏ கொடுத்து, எதிர்க் கணினியின் முகவரிக்கு நேரே வன்பொருள் எண் (நெட்வொர்க் அட்டையின் சொந்த எண்) வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பெரும்பாலும் கம்பியில் குற்றமில்லை, எதிர்க் கணினியின் ஃபயர்வால் தடுக்கிறது. அந்தக் கணினியில் நெட்வொர்க் வகை பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் என்று மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்குங்கள்."

பிடிப்பு விளக்கின் நிறம் கருவிக்குக் கருவி மாறுவதால் பச்சை, மஞ்சள் என்று கையேட்டில் எங்கும் எழுதவில்லை.