கலைச்சொல் உதவி: லெமூர் களப்பதிவில் 'சப்ஸ்ட்ரேட்'

மடல் 1
குழுமத்தாருக்கு வணக்கம். மடகாஸ்கரின் குரங்கு போன்ற விலங்குகளான லெமூர்கள் மரங்களைப் பயன்படுத்தும் விதம் பற்றிய களக்கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இழுக்கிறது: சப்ஸ்ட்ரேட். பதிவெடுக்கும் நொடியில் விலங்கின் எடையைத் தாங்கும் கிளையோ தண்டோ கொடியோ. 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் தடிமன், சாய்வு, தரையிலிருந்து உயரம் மூன்றையும் குறிக்கவேண்டும். 'தாங்குமரம்' என்று வைத்தால், 1.3 மீட்டர் உயரத்தில் நாடா பிடித்த 190 செ.மீ. அடிமரச் சுற்றளவை எழுதிவிடுவார்கள். சிஃபாக்கா என்ற லெமூர் பற்றியிருப்பதோ அதே புளியமரத்தின் 6 செ.மீ. கிளை.

மடல் 2
ஐயா, 'பற்றுக்கோடு' இருக்கிறதே! தொல்காப்பிய மரபியலில் 'கோடுவாழ் குரங்கு' என்றே வருகிறது. கோடு, கிளை. கோடுதல் என்றால் வளைதல். யானைத் தந்தமும் கோடு, மலைமுகடும் கோடு. மடகாஸ்கரில் புளியமரத்துக்குக் 'கிலி' என்று பெயர். புளி, கிலி உறவையும் பார்க்கவேண்டும்.

மடல் 3
ஓசை ஒத்தால் உறவாகிவிடாது ஐயா, அது தனி இழைக்கு. பற்றுக்கோடு என்றதும் 'முதுமையில் பிள்ளைகளே பற்றுக்கோடு' என்பதுதான் நினைவுக்கு வரும். மேலும் தெற்கு முட்காட்டில் சிஃபாக்கா முள்ளடர்ந்த அலுவாடியா மரத்தின் தண்டைக் கட்டிக்கொண்டு, பின்னங்காலால் உந்தி அடுத்த தண்டுக்குப் பாய்கிறது. செங்குத்துத் தண்டு எப்படிக் கோடாகும்? 'ஊன்றுதளம்' என்போம்.

மடல் 4
வரேசியா லெமூர் பின்னங்கால்களில் தலைகீழாகத் தொங்கியபடி பழம் தின்னும். தொங்குவது ஊன்றுவதா? பேருந்தில் நிற்பவர் 'பிடிமானம் இல்லை' என்கிறாரே, அதை எடுங்கள். இன்னொன்று: கை ஒரு கிளையிலும் கால் வேறொன்றிலும் இருந்தால், அதிக எடை தாங்குவதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் எழுதினால் மெல்லிய கிளைகளின் கணக்கு வீங்கிவிடும்.

மடல் 5
வளையவால் லெமூர் நெடுநேரம் தரையில் நடக்கிறது. தரையைப் பிடித்துக்கொண்டா நடக்கிறது?

மடல் 1-ஐ எழுதியவர்
நேரமில்லை, நண்பர்களே. பெரும்பாலோர் பிடிமானத்தை ஏற்கிறார்கள். கட்டத்தின் தலைப்பு 'பிடிமானம் / தரை'. சொற்பட்டியலில் பற்றுக்கோடும் இடம்பெறும்.

மடல் 2-ஐ எழுதியவர்
ஒரு கருத்தை இரண்டு சொல்லாக உடைத்துவிட்டீர்கள். தரை என்று எழுதிய வரிகளில் தடிமன் கட்டம் காலியாகும்; கணினி அதைச் சுழியாக எடுத்தால் சராசரி சரிந்துவிடும். அங்கே 'பொருந்தாது' என்றாவது எழுதவையுங்கள். என் வாக்கு இன்னும் பற்றுக்கோட்டுக்கே.