'மம்பிள்' (mumble) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றை வினைச்சொல் வேண்டும், உதவுங்களேன்

வசன வரி மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. 'மம்பிள்' வரும் இடமெல்லாம் 'முணுமுணுத்தான்' என்றே போடுகிறோம். ஆனால் அது 'மட்டர்' (mutter) என்ற சொல்லுக்குத்தான் கச்சிதம்: அதிருப்தியை அடிக்குரலில் சொல்வது. மம்பிளில் கோபம் இருக்கவேண்டியதில்லை. உதடு சரியாகத் திறக்காமல், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாய்க்குள்ளேயே நின்றுவிடுவதுதான் அது. கூச்சம், தூக்கக் கலக்கம், வாயில் சோறு, எதுவும் காரணமாகலாம்.

'டோன்ட் மம்பிள்' என்று ஆசிரியர் மாணவனிடம் சொல்வதை 'முணுமுணுக்காதே' என்றால் அவன் எதிர்த்துப் பேசியதுபோல ஆகிவிடுகிறது. அங்கே 'வாயைத் திறந்து பேசு' என்று தப்பித்துவிடலாம். சிக்கல் 'மன்னிப்பை மம்பிள் செய்தான்' போன்ற வரிகளில். 'மென்று விழுங்கினான்' என்றால் எதையோ மறைக்கிறான் என்ற தொனி ஏறுகிறது. 'குழறினான்' போட்டால் போதை வாடை. அது நாக்கு ஒத்துழைக்காத 'ஸ்லர்' (slur) என்ற சொல்லுக்கே இருக்கட்டும். 'முனகினான்' வலியைக் காட்டும்.

'வாய்க்குள் சொன்னான்' பொருந்துகிறது, ஆனால் இரண்டு சொல். பேச்சுவழக்கில் இதற்கு ஒரே சொல் புழங்குகிறதா? இருந்தால் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சொல்லுங்கள்.